கரண்ட் போய் வந்த பிறகு சேர்வர் எழும்பவில்லையா? மலையக வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

இலங்கை மலையகத்தில் வீட்டு சேர்வர், அதாவது படங்களையும் விளக்குகளையும் பார்த்துக்கொள்ளும் சிறு கணினி, படுத்துவிட்டால் பெரும்பாலும் குற்றம் மென்பொருளில் இல்லை. சுவரிலுள்ள பிளக்கில் இருக்கிறது, இல்லாவிட்டால் ஈரத்தில் இருக்கிறது. ஆனால் எல்லோரும் முதலில் கை வைப்பது மென்பொருளில்தான். அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். இரண்டு நாளில் அதே பிழை திரும்பி வருகிறது. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்து வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த பிழைகளை, கண்ணில் படும் அறிகுறியை வைத்து இங்கே பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் கேட்கும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

உங்கள் வீட்டில் சேர்வராக ஒரு ராஸ்பெரி பை (கையளவு சிறு கணினி, இனிமேல் வெறும் 'பை') அல்லது பழைய மினி கணினி, அதில் படங்களைத் தொலைக்காட்சிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின், விளக்குகளை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட், வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு 4ஜி ரவுட்டர், சில ஸ்மார்ட் மின்குமிழ்கள் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். கையில் ஒரு மாற்று யூஎஸ்பி கேபிளும், பிளக்கில் செருகினால் வோல்ட் அளவைக் காட்டும் சிறு கருவியும் இருந்தால் போதும். மல்ட்டிமீட்டரைப் பிளக் துளையில் விட்டுப் பழக்கமில்லாதவர்கள் அதைச் செய்ய வேண்டாம்.

## அறிகுறி 1: சேர்வர் தானாக நின்று, தானாக எழும்புகிறது

### எந்நேரமும் இப்படி நடக்கிறதா?

முதலில் கேபிளை மாற்றுங்கள். கைத்தொலைபேசிக்கு வந்த மெல்லிய கேபிளில் ராஸ்பெரி பையை ஓட்டும் வீடுகள் நிறைய உள்ளன. நான்காம் மாதிரியான பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். மின்னழுத்தம் ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை எச்சரிக்கும். திரை இணைத்திருந்தால் மேல் வலது மூலையில் மஞ்சள் மின்னல் குறி தெரியும். திரை இல்லாதவர்கள் ஹோம் அசிஸ்டென்ட்டில் ராஸ்பெரி பை மின்வழங்கலைக் கண்காணிக்கும் இணைப்பைச் சேர்த்தால், அதே எச்சரிக்கை அங்கே வரும்.

கேபிளும் அடாப்டரும் நல்லவையா? அடுத்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓடவிடுங்கள். பை 4இன் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் அது ஒன்றே பெரும்பகுதியை விழுங்கிவிடும். டிஸ்க் இல்லாமல் ஒழுங்காக ஓடினால் விடை கிடைத்துவிட்டது: தனி மின்சாரம் பெறும் யூஎஸ்பி ஹப் ஒன்று வாங்குங்கள். புதிய பை தேவையில்லை.

### மாலை ஆறு முதல் ஒன்பது மணிக்குள் மட்டும் நடக்கிறதா?

வோல்ட் கருவியைப் பிளக்கில் செருகி, பகலிலும் மாலையிலும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே 230 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 6 சதவீதம் வரை, அதாவது 216 முதல் 244 வரை, ஏற்கத்தக்க அளவு. அடாப்டரின் முதுகில் '100–240' என்று அச்சிட்டிருந்தால், 190க்கு இறங்கினாலும் அந்த அடாப்டர் பெரும்பாலும் தாங்கும். தாங்காதது யூபிஎஸ், அதாவது கரண்ட் போனால் மின்கலத்தில் ஓட்டும் பெட்டி. மின்னழுத்தம் எல்லையைத் தாண்டும்போதெல்லாம் அது மின்கலத்துக்கு மாறும், திரும்பும், மறுபடி மாறும். ஒரு மாலைப்பொழுதில் மின்கலம் காலியாகி, கரண்ட் இருக்கும்போதே சேர்வர் அணைந்துவிடும்.

யூபிஎஸ்ஸைச் சோதிக்க, சேர்வருக்குப் பதில் ஒரு மேசை விளக்கைச் செருகி, யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். விளக்கு ஓரிரு நிமிடத்தில் அணைந்தால் உள்ளே இருக்கும் ஈய அமில மின்கலம் போய்விட்டது. பெரும்பாலான சிறு யூபிஎஸ்களில் அது 12 வோல்ட் மின்கலம். அதை மட்டும் மாற்றலாம். மூன்று வருடம் தாண்டியிருந்தால் சோதிக்காமலே மாற்றலாம்.

### மின்குமிழ்களும் சேர்ந்து மங்குகின்றனவா?

கேத்தலைப் போட்டவுடன் விளக்கு மங்கினால், அல்லது ஒரு அறையில் மங்கும்போது இன்னொரு அறையில் வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால், இது உங்கள் வேலை இல்லை. நடுநிலைக் கம்பி (நியூட்ரல்) எங்கோ தளர்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட நேரத்தில் சில வீடுகளுக்கு 230ஐ மிகவும் தாண்டிய மின்னழுத்தம் போய், செருகியிருக்கும் எல்லாவற்றையும் எரித்துவிடும். பிரதான ஆளியை அணையுங்கள். மின்சாரப் பழுதுகளுக்கான 1987 இலக்கத்துக்கு அழையுங்கள். சில லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) ஒரே மீட்டரிலிருந்து பல காம்பராக்களுக்கு, அதாவது பல குடும்பங்களின் அறைகளுக்கு, கம்பி போயிருக்கும். அங்கே பக்கத்து வீட்டாருக்கும் உடனே சொல்லுங்கள். அவர்களுடைய குளிர்சாதனப் பெட்டியும் அதே கம்பியில்தான் இருக்கிறது.

## அறிகுறி 2: மின்வெட்டு முடிந்தது, ஆனால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை

2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் இந்தப் பகுதியைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். இப்போது மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தாலும் அதே கேள்விகள் வருகின்றன.

### மினி கணினி எழும்பவே இல்லை

பொத்தானை அழுத்தினால் ஓடுகிறதா? அப்படியானால் பழுது எதுவும் இல்லை. கணினி எழும்பும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் 'மின்சாரம் திரும்பினால் தானாக இயங்கு' என்ற தெரிவை ஒரு முறை மாற்றிவிட்டால் முடிந்தது.

### சேர்வர் ஓடுகிறது, ஆனால் தொலைக்காட்சிக்கும் தொலைபேசிக்கும் அது தெரியவில்லை

ரவுட்டரும் மறுபடி எழும்பியபோது சேர்வருக்கு வேறு முகவரியைக் கொடுத்திருக்கும். நேற்று வரை 192.168.1.20 என்றிருந்தது இன்று 192.168.1.35 ஆகியிருக்கும். ரவுட்டரின் பக்கத்துக்குப் போய், இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலில் புதிய முகவரியைப் பாருங்கள். பிறகு அதே பக்கத்தில் சேர்வருக்கு ஒரு நிலையான முகவரியை ஒதுக்குங்கள். ஜெல்லிஃபினுக்கு 8096, ஹோம் அசிஸ்டென்ட்டுக்கு 8123 என்ற வாயில் (port) எண்கள் வழக்கம்போல இருக்கும். மாறுவது முகவரி மட்டுமே.

### உலாவி 'சான்றிதழ் செல்லாது' என்கிறது, அல்லது விளக்குகள் தப்பான நேரத்தில் எரிகின்றன

சேர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். பை 4இலும் அதற்கு முந்தியவற்றிலும் சொந்தக் கடிகாரம் இல்லை. இணையத்தில் கேட்டுத்தான் நேரம் அறியும். மலையில் வீட்டுக்குக் கரண்ட் வந்த பிறகும் தொலைபேசிக் கோபுரம் உயிர் பெறத் தாமதமாகலாம். அந்த இடைவெளியில் சேர்வர் பழைய திகதியிலேயே ஓடும். இணையம் வந்ததும் தானாகச் சரியாகும். அவசரமென்றால் மீள இயக்குங்கள். பை 5இல் கடிகாரம் உண்டு, ஆனால் அதற்குரிய சிறு மின்கலத்தைத் தனியே வாங்கிப் பூட்ட வேண்டும்.

நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பிந்தியிருந்தால் கடிகாரத்தில் குற்றமில்லை. நேர வலயம் கொழும்புக்குப் பதிலாக உலகப் பொது நேரத்தில் நிற்கிறது. அதை மாற்றினால் போதும்.

### நள்ளிரவில் கரண்ட் வந்ததும் எல்லா மின்குமிழும் எரிகின்றன

இதைச் சரிசெய்யாமல் விடாதீர்கள். காலை வேலைக்குப் போக நான்கரைக்கு எழும்புகிறவர்கள் இருக்கும் வீட்டில் இது பெரிய தொல்லை. பல ஸ்மார்ட் மின்குமிழ்களின் செயலியில், மின்சாரம் திரும்பும்போது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று தெரிவு செய்யும் இடம் உண்டு. முந்தைய நிலை என்பதைத் தெரிவு செய்யுங்கள். அந்த வசதி இல்லாத மலிவான மின்குமிழைப் படுக்கை அறையில் போடாதீர்கள்.

### படங்கள் பட்டியலில் இருக்கின்றன, திறந்தால் பிழை வருகிறது

டிஸ்க் இணையவில்லை, அல்லது எழுத முடியாத நிலையில் இணைந்திருக்கிறது. திடீரென அணைந்த டிஸ்க்கின் கோப்பு அமைப்பு குழம்பியிருக்கும். முதலில் கேபிளைக் கழற்றிப் பூட்டுங்கள். பிறகு டிஸ்க்கை இணைப்பிலிருந்து விடுவித்து, கோப்பு அமைப்பைச் சரிபார்க்கும் கட்டளையை ஓட்டுங்கள். விண்டோஸ் வடிவில் உள்ள டிஸ்க் என்றால் அதை ஒரு விண்டோஸ் கணினியில் மாட்டிச் சரிபார்ப்பதே பாதுகாப்பு. சரிபார்க்கும் நேரத்தில் டிஸ்க் கிளிக், கிளிக் என்று சத்தமிட்டால் உடனே நிறுத்திவிட்டு அறிகுறி 6க்குப் போங்கள்.

### எதுவுமே எழும்பவில்லை, சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது

பையின் மென்பொருள் இருக்கும் எஸ்டி கார்டைச் சந்தேகியுங்கள். ஹோம் அசிஸ்டென்ட் ஓயாமல் தரவுகளை எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும் கணத்தில் கரண்ட் போனால் கார்டு கெடும். வேறொரு கார்டில் புதிதாக நிறுவிப் பார்த்தால் தெரிந்துவிடும். காப்புப் பிரதி இருந்தால் அதை ஏற்றி அரை மணி நேரத்தில் பழைய நிலைக்கு வரலாம். இனிமேல் எஸ்டி கார்டு வேண்டாம். சுழலும் தட்டு இல்லாத சிறிய எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றிலிருந்து இயக்குங்கள்.

## அறிகுறி 3: படம் நின்று நின்று ஓடுகிறது

இதில் இரண்டு வழிகள் பிரிகின்றன. எந்த வழி என்று அறியாமல் புதிய ரவுட்டர் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். படம் ஓடும்போதே ஜெல்லிஃபினின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, கோப்பு நேரடியாக ஓடுகிறதா, அல்லது தொலைக்காட்சிக்கு ஏற்ற வடிவுக்குச் சேர்வரால் மாற்றி அனுப்பப்படுகிறதா என்று பாருங்கள்.

### மாற்றி அனுப்பப்படுகிறது என்றால்

வசன வரிகளை அணைத்துப் பாருங்கள். புளூரே தட்டிலிருந்து எடுத்த கோப்புகளில் வசன வரிகள் எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும். அவற்றைக் காட்ட முழுப் படத்தையும் மறுபடி குறியாக்க வேண்டிய நிலை பல தொலைக்காட்சிகளில் வரும். அணைத்ததும் ஒழுங்காக ஓடினால், எழுத்து வடிவிலுள்ள வசனக் கோப்பைத் தேடிச் சேருங்கள்.

அடுத்து, தொலைபேசிச் செயலியில் தரத்தை யாராவது குறைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டு வைஃபையில் உச்ச அளவையே வையுங்கள்.

அதுவும் இல்லையென்றால் கோப்பு எச்.265 என்ற வீடியோ வடிவில் இருந்து, தொலைக்காட்சி அதை அறியாததாக இருக்கலாம். பை 5இல் பழைய வடிவான எச்.264க்குக் குறியாக்கும் வன்பொருள் இல்லை; கணினியின் சிபியு தனியே மூச்சு வாங்கும். இந்த வேலைக்கு அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு வரும் இரண்டாம் கை மினி கணினிதான் ஏற்றது. இன்டெல் ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாகப் பார்த்து வாங்கினால் 10 பிட் எச்.265ஐயும் வன்பொருளே கையாளும்.

### நேரடியாக ஓடியும் நிற்கிறது என்றால்

வலையமைப்புதான். தொலைக்காட்சியை ஒரு தடவை கேபிளில் இணைத்துப் பாருங்கள். கேபிளில் ஒழுங்காக ஓடினால் வைஃபை போதவில்லை. பழைய பங்களாக்களின் கருங்கல் சுவரும், லயங்களின் தகரத் தடுப்பும் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலையை அப்படியே நிறுத்திவிடும். ரவுட்டரை இஸ்தோப்பு (முன் விறாந்தை) ஜன்னலிலிருந்து, அதாவது 4ஜி சிக்னல் நன்றாக விழும் இடத்திலிருந்து, நகர்த்த முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் ரவுட்டரை அங்கேயே விட்டு, அதிலிருந்து கேபிள் இழுத்து, தொலைக்காட்சி இருக்கும் அறையில் ஒரு சிறு அணுகுபுள்ளியை (வைஃபை தரும் பெட்டியை) பூட்டுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு வெளியே திறந்தவெளியில் செப்புக் கேபிள் இழுக்காதீர்கள். மின்னல் பக்கத்தில் விழுந்தால் இரண்டு பக்கக் கருவிகளும் போகும். அங்கே ஃபைபர் அல்லது கம்பியில்லா இணைப்பு.

## அறிகுறி 4: தமிழ் வசன வரிகள் தமிழாகத் தெரியவில்லை

### வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன

எழுத்துரு இல்லை. ஜெல்லிஃபினின் படம் ஓட்டும் (Playback) அமைப்புகளில் மாற்று எழுத்துருக் கோப்புறையை இயக்கி, அதில் ஒரு யூனிகோட் தமிழ் எழுத்துருவைப் போடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். தொலைக்காட்சியின் சொந்தச் செயலியில் மட்டும் கட்டம் வந்தால், அந்தத் தொலைக்காட்சியில் தமிழ் எழுத்துரு இல்லை; ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்றை இணைப்பதே தீர்வு.

### விசித்திரமான குறிகளாகத் தெரிகின்றன

கோப்பை ஒரு எழுத்துத் திருத்தியில் திறந்து, யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் மறுபடி சேமியுங்கள். பெரும்பாலும் அதோடு முடியும்.

### அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் எக்கச்சக்கமான அரைப்புள்ளிகளுமாகத் தெரிகின்றன

அரைப்புள்ளிகளைக் கண்டதும் விளங்கிவிடும்: இது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சிட்டது. அந்த எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் அமர்ந்திருக்கிறது. இலங்கையில் அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் பாமினி நெடுங்காலம் புழங்கியதால், பழைய கலைவிழா, திருமண வீடியோக்களுக்கு உள்ளூரில் தட்டிய வசனங்களும் கோப்புப் பட்டியல்களும் இப்படித்தான் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாமினி–யூனிகோட் மாற்றியில் போட்டு எடுங்கள். நேர முத்திரை வரிகளை விட்டுவிட்டு வசன வரிகளை மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் நேரங்களுக்கு நடுவிலுள்ள குறிகளும் மாறி, கோப்பு முழுவதும் பயனற்றுப் போகும். மாற்றிய பிறகு சில வரிகளை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது அப்போதுதான் காதில் படும்.

## அறிகுறி 5: கொழும்பிலோ டுபாயிலோ இருக்கும் பிள்ளைக்கு வீட்டுப் படங்கள் திறக்கவில்லை

ரவுட்டர் பக்கத்தில் அதன் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், உங்கள் இணைப்பு நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. 4ஜி இணைப்புகளில் இது சாதாரணம். வாயில் திறக்கும் (port forwarding) அமைப்பில் எத்தனை மணி நேரம் செலவழித்தாலும் பயனில்லை. இரண்டு கருவிகளுக்கு இடையே தனிவழி போடும் டெயில்ஸ்கேல் மென்பொருளைச் சேர்வரிலும் பிள்ளையின் தொலைபேசியிலும் நிறுவுங்கள். பெரும்பாலும் பத்து நிமிட வேலை. பொது முகவரி இருக்கிறவர்களும் 8096ஐ உலகத்துக்குத் திறந்துவிட வேண்டாம். அதே மாதிரித் தனிவழி போடும் வயர்கார்டு வழியாக வரச் சொல்லுங்கள்.

இணைந்தும் படம் தேங்கினால், உங்கள் வீட்டின் பதிவேற்ற வேகத்தை அளந்து, அதற்குக் கீழே தரத்தைக் குறைத்து வையுங்கள்.

## ஸ்மார்ட் மின்குமிழ்களும் உணரிகளும் காணாமல் போனால்

முதலில் சுவர் ஆளி. அப்பாயி பழக்கப்படி ஆளியை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார், அதில் தவறில்லை. ஆளிக்குள் பூட்டும் சிறு ரிலே ஒன்று போட்டால் அவர் பழக்கமும் மாறாது, உங்கள் விளக்கும் காணாமல் போகாது. ஆனால் அந்த ஆளியைத் திறக்கும் வேலை எலக்ட்ரீசியனுடையது. அடுத்து, இந்த மின்குமிழ்களில் பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும். ரவுட்டரில் அந்த அலைவரிசைக்குத் தனிப் பெயர் கொடுங்கள். வைஃபைக்குப் பதில் சிக்பீ என்ற அலைமுறையில் பேசும் உணரிகள் விட்டுவிட்டு இணைந்தால், சேர்வரில் செருகிய சிக்பீ யூஎஸ்பி குச்சியை ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 3 துளையும் டிஸ்க்கும் கிளப்பும் இரைச்சல் அதே 2.4 அலைவரிசையில்தான் விழுகிறது. நுவரெலியாவின் தை மாதக் குளிரில் மட்டும் உணரி உறங்கினால் அதன் நாணய மின்கலத்தை மாற்றுங்கள். தேய்ந்த மின்கலம் குளிரில்தான் முதலில் தளரும்.

## அறிகுறி 6: டிஸ்க் சத்தமிடுகிறது, அல்லது மிக மெதுவாகிவிட்டது

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து அவசரமில்லாமல் வாசியுங்கள். மற்ற எதையும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். தாத்தாவின் குரல் பதிவான ஒரே வீடியோவை வாங்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் வீட்டோடு ஆல்பங்களும் புதைந்துபோயின. டிஸ்க்கிலுள்ள பிரதி ஒன்று இன்னொரு ஊரில் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

டிஸ்க் மெதுவாக மட்டும் இருந்தால் டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் (S.M.A.R.T.) அறிக்கையை எடுங்கள். 199 என்று இலக்கமிட்ட வரியின் எண் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, மாற்றினால் போதும். 5, 197, 198 என்று இலக்கமிட்ட வரிகளில் பூச்சியம் தவிர வேறு எண் நின்று, அது ஏறிக்கொண்டும் போனால், டிஸ்க் விடைபெறுகிறது. அன்றே முக்கியமானவற்றைப் பிரதி எடுங்கள்: முதலில் குடும்பப் படங்கள், பிறகு ஆவணங்கள். திரைப்படங்கள் கடைசியில், நேரம் இருந்தால்.

கிளிக் சத்தம் கேட்டால் பிரதி எடுக்கவும் முயலாதீர்கள். மின்சாரத்தைத் துண்டியுங்கள். திறந்து பார்ப்பது, உறைபெட்டியில் வைப்பது, தட்டுவது எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறை சுழலும்போதும் தட்டு மேலும் கீறப்படலாம். தரவு மீட்கும் தொழில்முறையாளரிடம் கொண்டு போங்கள். செலவு அதிகம் என்பதால், அந்தத் தரவு அவ்வளவு பெறுமதியா என்று வீட்டாரோடு பேசி முடிவெடுத்த பிறகு.

ஈரத்தையும் கவனியுங்கள். பனிமூட்டத்தில் ஊறிய அறையில் பல நாள் அணைந்து கிடந்த டிஸ்க்கை, அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுவந்த உடனே இயக்காதீர்கள். அதன் உலோக மூடியை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் படிந்திருந்தால் சில மணி நேரம் அப்படியே காயவிடுங்கள். யூஎஸ்பி முனையில் பச்சை படிந்திருந்தால் கேபிளை எறிந்துவிடுங்கள். சேர்வரைச் சுவரோடு ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்தி, ஓடிக்கொண்டே இருக்க விடுங்கள். அதன் சொந்தச் சூடே ஈரத்தை விரட்டும்.

## அறிகுறி 7: இடி மின்னலுக்குப் பிறகு ஏதோ ஒன்று செத்துவிட்டது

சித்திரைக்கு முந்திய வாரங்களிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடிமழை வழக்கம். அப்போது மின்சாரக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அண்டெனாக் கம்பியும், தொலைபேசிக் கம்பியும், டிஷ் கம்பியும் அதே வேகத்தில் மின்னலை உள்ளே கொண்டுவரும். இடி தொலைவில் கேட்கும்போதே அவற்றையும் கழற்றுங்கள். இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் எதையும் தொடாதீர்கள்.

அடிபட்ட பிறகு, ரவுட்டரின் ஒரு கேபிள் துளை மட்டும் போயிருக்கிறதா என்று வேறு துளையில் செருகிப் பாருங்கள். பிறகு அடாப்டரை மாற்றிப் பாருங்கள். பல தடவை அடாப்டர் தன்னைப் பலி கொடுத்து ரவுட்டரைக் காப்பாற்றியிருக்கும். சேர்வரின் வலைத்துளை மட்டும் செத்திருந்தால் மலிவான யூஎஸ்பி வலைத்துளை ஒன்று போதும்.

மிகை மின்னழுத்தத் தடுப்புப் பலகை வாங்குவதற்கு முன் வீட்டின் நிலத்தொடுப்பை (எர்த்தை) எலக்ட்ரீசியனிடம் அளக்கச் சொல்லுங்கள். நிலத்தொடுப்பு இல்லாத வீட்டில் அந்தப் பலகையால் பெரிய பயன் இல்லை. பாறையான மேட்டில் அதற்காக அடித்த கம்பி போதிய ஆழம் இறங்கியிருக்காது.

பிளக் கறுத்திருந்தால், எரிந்த வாடை வந்தால், அல்லது ட்ரிப் சுவிட்ச் ஏற்றியதும் விழுந்தால், அதை மறுபடி மறுபடி ஏற்றாதீர்கள். எல்லாக் கருவிகளையும் கழற்றிவிட்டு ஒரு தடவை ஏற்றிப் பார்க்கலாம். அப்போது நின்றால் கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். கறுத்த பிளக்கும் வாடையும் இருக்கும் வீட்டில் அந்த ஒரு தடவையும் வேண்டாம். பிரதான ஆளியை அணைத்துவிட்டு, அனுமதி பெற்ற எலக்ட்ரீசியன் வந்து கம்பிகளைச் சோதிக்கும் வரை மெழுகுவர்த்தியில் இருங்கள்.